ஊருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு வருகிறேன்

தம்பி, நீங்கள் தமிழா? இப்போது போனில், "வைக்கிறன் மச்சான், பஸ் வரப்போகுது" என்றீர்களே, காதில் விழுந்தது. அதனால்தான் எழுந்து இந்தப் பெஞ்சுக்கு வந்தேன். உட்காரலாம் இல்லையா?

யாழ்ப்பாணமா? நல்லது. மிகவும் நல்லது. எங்கள் ஜில்லாக்காரராக இருந்திருந்தால் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு அந்தப் பக்கமே இருந்திருப்பேன்.

போனைக் காதில் வைத்துக்கொண்டே உங்களோடு பேசுகிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். அதோ அந்தச் செங்கல் கட்டடத்து ஜன்னலில்... திரும்பாதீர்கள் தம்பி, திரும்பாதீர்கள். அங்கே ஒரு பெண் நிற்கிறாள். மார்லீன் என்று பெயர். வருகிற வாரம் என் மகனைக் கட்டிக்கொள்ளப் போகிறவள். நான் மன்னார்குடிக்குப் போன் போட்டு ஒரு பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். கேட்டு, அதை இந்த அட்டையில் எழுதிக்கொண்டு உள்ளே போகவேண்டும். வெறும் அட்டையோடு போக முடியாது. உண்மையான பெயரை எழுதிவிட்டாலோ போகவே முடியாது.

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன். தலை கிறுகிறுக்கிறது. இரண்டு ராத்திரி தூக்கமில்லை. உடம்பு இன்று காலையில் இங்கே வந்து இறங்கிவிட்டது. தூக்கம் இன்னும் சென்னை ஏர்போர்ட்டில் வரிசையில் நிற்கிறது.

என் பெயர் சிங்காரவேலு. கூட்டுறவு வங்கியில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மன்னார்குடியில் சொந்த வீடு, மாடியோடு. விவசாயக் குடும்பம். நிலபுலன் என்று கேட்டால்... அதைப் பிறகு சொல்கிறேன்.

வெட்கமாக இருக்கிறது தம்பி. எதற்கு வெட்கம் என்று கேளுங்கள். வந்த முதல் நாளே சம்பந்தி எதிரில், சர்ச்சுக்குள் உட்கார்ந்து குறட்டை விட்டேன். அதுதான் பெரிய வெட்கம். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

காலையில் ஏர்போர்ட்டுக்கு மாறனும் அந்தப் பெண்ணும் வந்திருந்தார்கள். மாறன் என் மகன். திருமாறன். இங்கே கம்பெனியில் இருக்கிறான். அவள் கையில் பூங்கொத்து இருக்கும் என்று நினைத்தேன். பார்த்தால் எங்கள் கல்யாணப் பத்திரிகை. மன்னார்குடியில் அச்சடித்தது, தமிழில் ஒரு பக்கம், இங்கிலீஷில் ஒரு பக்கம். பத்து மாதமாகத் தமிழ் படிக்கிறாளாம். அவளுக்கு அரிச்சுவடியே அந்தப் பத்திரிகைதானாம். பெட்டி வருவதற்குள் அங்கேயே நின்று விரலை வைத்துப் படித்துக் காட்டினாள். என் பெயர், என் மனைவி பெயர். அதற்கு மேலே, இன்னாருக்குப் பேரன் என்று என் அப்பா பெயர், என் அம்மா பெயர். உங்கள் பக்கத்திலும் தாத்தா பாட்டி பெயர் போடுவீர்கள்தானே? எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். என் மனைவிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்குத் தூக்கம் வந்தது.

அம்மாவின் பெயர் கொஞ்சம் பழைய காலத்துப் பெயர் தம்பி. ஊர் எல்லையில் இருக்கிற சாமியின் பெயர். பத்திரிகை அடிக்கும்போது கொஞ்சம் நாகரிகமாக மாற்றிப் போடலாம் என்று பார்த்தேன். மாறன் போனில் சத்தம் போட்டான்: "அப்பாயி பேர்ல கை வைக்காதீங்கப்பா." சரி என்று, பின்னால் ஒரு 'அம்மாள்' மட்டும் சேர்த்துப் போட்டேன். ஒரு கனம் வேண்டுமே.

வீட்டுக்குப் போனோம். என் மனைவிக்குக் கால் வீங்கிவிட்டது. "நான் எங்கயும் வரலை சாமி" என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கெட்டிக்காரி. நானும் அப்படிச் செய்திருக்க வேண்டும். "பகல்ல தூங்கினா உடம்பு இந்த ஊருக்குப் பழகாதுப்பா. சாயங்காலம் வரைக்கும் முழிச்சிருங்க. மார்லீன் அப்பா கார் எடுத்துட்டு வர்றார், ஊரெல்லாம் காட்டப் போறார்" என்றான் மாறன்.

வந்தார். கெர்ரிட் என்று பெயர். நல்ல மனிதர், ஆறடிக்கு மேலே இருப்பார். தபால்காரராக இருந்தவர். தபால் இலாகாவில் பெரிய அதிகாரி என்று நான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். என்ன தம்பி, சிரிக்கிறீர்கள்? வெளிநாட்டுக்காரப் பெண் என்றால் ஊரில் ஆயிரம் கேட்பார்கள். ஏதாவது சொல்லத்தானே வேண்டும்?

காரில் ஏறினதும் கெர்ரிட் ஒரு ஓவியரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். இந்தப் பக்கத்து ஊர்களில் இருந்தவராம். உலகம் முழுக்கத் தெரிந்த பெயராம். உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு நாலு தரம் சொன்னார். நாலு தரமும் வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு சொல்வது போல இருந்தது. தலையை ஆட்டினேன்.

கண்ணைத் திறந்தால் ஒரு காற்றாலை. மூடித் திறந்தால் இன்னொரு காற்றாலை. வேறு வேறு காற்றாலையா, கார் நகரவே இல்லையா என்று தெரியவில்லை. முதல் ஊரில் ஓவியர் பிறந்த வீடு. இரண்டாவது ஊரில் அவர் அடிக்கடி வரைந்த சர்ச்சு. நான் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டேன். கோயில் என்று சொன்னால் கை தானாகக் காலுக்குப் போகிறது. "அப்பா, இங்க கழட்ட வேணாம்" என்று மாறன் வருவதற்குள் உள்ளே போய்விட்டேன். காலுறையில் பெருவிரல் வெளியே தெரிகிறது. தரை பனிக்கட்டி. கெர்ரிட் ஒன்றும் சொல்லாமல் தானும் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு என்னோடு நடந்தார். அந்தப் பெரிய பாதங்களைப் பார்க்க எனக்குக் கூச்சமாகப் போயிற்று. அப்புறம் அவர் மேற்கூரையைக் காட்டி ஏதோ விளக்கினார். பெஞ்சில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் தெரியும். என் குறட்டை மேலே மோதித் திரும்பி வந்து என்னையே எழுப்பியது. பார்த்தால் என் மேல் அவருடைய கோட்டு கிடக்கிறது. கெர்ரிட், மாறன், மார்லீன் மூன்று பேரும் சத்தமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். எவ்வளவு நேரமோ!

சாப்பாடு கெர்ரிட் வீட்டில். சம்பந்தி முதல் முதலாக வீட்டுக்கு வருகிறார், என்ன செய்வோம் நாம்? வடை, பாயசம், மூன்று கூட்டு. அங்கே ஒரு பெரிய பாத்திரத்தில் அவித்த உருளைக்கிழங்கு. ஓரத்தில் கொஞ்சம் உப்பு, வெண்ணெய். தட்டே கிடையாது. எல்லாரும் அந்த ஒரே பாத்திரத்தில் முள்கரண்டியால் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். நான் திகைத்துப் போய்ப் பார்த்தேன். கெர்ரிட் சொன்னார், அவருடைய பாட்டியின் அம்மா தினமும் சாப்பிட்டது அதுதானாம். குடும்பத்தில் புதிதாக ஓர் ஆள் சேருகிற நாளில் அவர்கள் வீட்டில் அதைத்தான் வைப்பார்களாம். அந்த அம்மாள் பிறத்தியார் வயலில் கிழங்கு தோண்டியவளாம். அதை என்ன பெருமையாகச் சொல்கிறார் என்கிறீர்கள்! நம் பக்கத்தில் ஒருவன் இப்படிச் சொல்வானா, அதுவும் சம்பந்தியிடம்?

நானும் மரியாதைக்கு ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா? "எங்கள் வயலிலும் வேலையாட்கள் வரப்பில் உட்கார்ந்து இப்படித்தான் சாப்பிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்" என்றேன். நல்ல வார்த்தைதானே அது? மாறன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். அப்புறம் அவன் சாப்பிடவே இல்லை.

எங்கள் வயல் என்று சொன்னது... அது போன வருஷம் தொடங்கியது தம்பி. முதல் முதலாக வீடியோவில் பேசியபோது கெர்ரிட் கேட்டார், உங்கள் குடும்பம் என்ன செய்தது என்று. விவசாயம் என்றேன். நிலம் எவ்வளவு என்றார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் என்றேன். பொய்யா அது? மிராசுதார் வயல் எங்கள் குடிசை வாசலில் தொடங்கும். முடிகிற இடம் தெரியாது. ஒவ்வொரு வரப்பும் எனக்குப் பாடம். எங்கே வழுக்கும், எங்கே நண்டு வளை இருக்கும், எந்த மடையில் தண்ணீர் குளிர்ச்சி, எல்லாம் சொன்னேன். அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். இப்போது ஜனவரியில் வருகிறேன், அந்த வயலைப் பார்க்க வேண்டும் என்கிறார். கண்ணுக்கு எட்டியதைத்தான் சொன்னேன். கைக்கு எட்டியதை அவர் கேட்கவில்லை.

என் அம்மா அந்த வயலில்தான் நின்றார். நடவு, களை, அறுப்பு. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முந்தானையில் அவித்த வள்ளிக்கிழங்கு முடிந்து வைத்திருப்பார். வரப்பில் உட்கார்ந்து தின்போம், சூடாக இருக்காது, ஆனால்... அதை விடுங்கள். நீங்கள் இலங்கைக்காரர். உங்களிடம் சொன்னால் மன்னார்குடிக்கு வந்து சேராது. அதனால் சொல்கிறேன்.

அப்புறம் இந்த மியூசியத்துக்குக் கூட்டி வந்தார்கள். இதுதான் மூன்றாவது ஊர். உள்ளே போனதும் கெர்ரிட் என் கையைப் பிடித்துக்கொண்டார். பெரிய படங்களையெல்லாம் தாண்டி ஒரு மூலைக்குப் போனார். சின்னப் படம். பழுப்பாக ஒரு வயல். அதில் ஒரு பெண் குனிந்து கிழங்கு தோண்டுகிறாள். முதுகுதான் தெரிகிறது. முகமே கிடையாது. ஒரு கை மண்ணில், மற்றக் கை இடுப்புக்குப் பின்னால். கெர்ரிட் மெதுவாகச் சொன்னார், "இவள்தான்."

முகமில்லாமல் எப்படித் தெரியும் என்று கேட்டேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு குனிகிற பழக்கம் அவளுக்கு மட்டும்தானாம். அவர் பாட்டி பார்த்ததுமே அழுதுவிட்டாராம். ஓவியர் அவள் பெயரை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. 'கிழங்கு தோண்டும் பெண்' என்று போட்டுவிட்டுப் போய்விட்டார். இவர் பாட்டி கேட்டு, அப்பா கேட்டு, இவரும் கேட்டு, மூன்று தலைமுறை மியூசியத்துக்காரர்களோடு மல்லுக்கட்டி, இப்போதுதான் கீழே ஒரு பித்தளைத் தகட்டில் பெயர் வந்திருக்கிறது. கொர்னேலியா. கைக்குட்டையை எடுத்து அந்தத் தகட்டைத் துடைத்தார். தூசியே இல்லை, சும்மா துடைத்தார்.

என்னால் அந்த முதுகைப் பார்க்க முடியவில்லை தம்பி. தூக்கக் கலக்கம். கண் எரிந்தது. அந்தக் குனிவு இருக்கிறதே, எந்த ஊர் வயலானாலும் ஒரே குனிவுதான்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். மார்லீன் என் கையைப் பிடித்து, "மாமா, வாங்க, வாங்க" என்று பக்கத்து அறைக்கு இழுத்துப் போனாள். அந்த அறையில் ஓவியர் படம் ஒன்றும் இல்லை. சுவர் முழுக்கப் போட்டோக்கள். எங்கேயாவது வயலில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும், இந்தச் சுற்று வட்டாரத்தில் இப்போது இருக்கிறவர்கள், கொண்டுவந்து மாட்டியவையாம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வெள்ளை அட்டை. அதில் பெயர். அச்சு இல்லை, அந்தந்தக் குடும்பத்து மூத்தவர் தன் கையால் எழுத வேண்டும். அப்படி ஒரு வழக்கம். ஓர் ஓரத்தில் துணி போட்டு மூடிய சட்டம் ஒன்று இருந்தது. மார்லீன் துணியை எடுத்தாள்.

என் அம்மா.

முழங்கால் வரைக்கும் சேறு. புடவையைத் தூக்கிச் செருகியிருக்கிறார். கையில் நாற்று முடி. வெற்றிலைப் பல் தெரியச் சிரிக்கிறார். மாறன் காலேஜில் படிக்கும்போது போனில் எடுத்தது. அந்த வயசிலும் சொல்லச் சொல்லக் கேட்காமல் வயலுக்குப் போவார். "ஓம் மாடி வீட்டுல எனக்கு என்னடா வேலை?" என்பார். அந்தப் படத்தை இவள் மாறன் போனிலிருந்து எடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, எனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று மாட்டி வைத்திருக்கிறாள். அது யார் என்று மாறன் அவளிடம் சொல்லியிருக்க மாட்டான். சொல்லியிருந்தால் அப்போதே கேட்டிருப்பாளே? ஏதோ எங்கள் ஊர் வயல் படம் என்று நினைத்திருப்பாள்.

கெர்ரிட் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இவர் யார்?" என்றார்.

தம்பி, நீங்களே சொல்லுங்கள். கண்ணுக்கு எட்டிய நிலம் என்று ஒரு வருஷமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். ஜனவரியில் வருகிறார். மதியம்தான் வேலையாட்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். இரண்டு நாளாகத் தூங்காதவன் வாயில் என்ன வரும்? "சர்வன்ட்" என்றேன். "எங்கள் வீட்டு சர்வன்ட். ரொம்ப வருஷம் எங்கள் வயலில் வேலை செய்தவள்."

வேலை செய்தவள் என்றுதான் சொன்னேன். இங்கிலீஷில் 'ள்' 'ர்' வித்தியாசம் கிடையாது, நல்ல வேளை.

மாறன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏதாவது திட்டியிருக்கலாம்.

நான் புதிதாக எதையும் சொல்லவில்லை தம்பி. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். புது வீடு கட்டிக் குடிபோன அன்று எங்கள் மேலதிகாரி வந்திருந்தார். அம்மாவைக் கொல்லைப்புறத்தில் உட்காரச் சொல்லியிருந்தேன். கூட்டம், அம்மாவுக்கு ஆகாது என்றுதான். அம்மா கேட்காமல் காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டார். "இவங்க யாரு சிங்காரவேலு?" என்று அதிகாரி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே சொன்னார், "நான் இங்க வேலைக்கு நிக்கிறவங்கய்யா." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். மாறன் அப்போது சின்னப் பையன், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றைக்கும் இதே மாதிரித்தான் தரையைப் பார்த்தான்.

அம்மா சொன்ன வார்த்தைதான். அதைத்தான் இன்றைக்கு நான் இங்கிலீஷில் சொன்னேன். என் மேல் என்ன தப்பு?

உங்கள் பஸ் அதோ வருகிறது போலிருக்கிறதே. ஏறவில்லையா? அடுத்ததில் போகிறீர்களா? சரி. நல்லது. இருங்கள்.

கெர்ரிட் என்ன செய்தார் தெரியுமா? முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். என் தோளில் கை வைத்தார். "அப்படியானால் இந்தச் சுவரில் இருக்க வேண்டியவர்தான். பெயர் என்ன?" என்றார். சட்டைப் பையிலிருந்து இந்தப் பேனாவை எடுத்து நீட்டினார். மார்லீன் இந்த அட்டையைக் கொடுத்தாள்.

என்ன பெயர் என்று சொல்வது? உண்மையைச் சொன்னால், அந்தப் பெயர் பத்திரிகையில் இருக்கிறது. பத்திரிகை கெர்ரிட் வீட்டு ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது. கிழங்கு சாப்பிடும்போது என் கண்ணெதிரேதான் இருந்தது. இவர் ஐஸ் தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் என் அம்மா பெயரைப் படித்துக்கொண்டிருக்கிற மனிதர். அதனால், "பெயர் தெரியாது" என்றேன்.

ஆமாம் தம்பி. அப்படித்தான் சொன்னேன். "மறந்துவிட்டது. தெரியாது."

மூன்று தலைமுறையாக ஒரு பெயருக்கு அலைந்த மனிதரிடம். அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. சர்ச்சில் எனக்குக் கோட்டுப் போர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தாரே, அதே முகம். "பெயர் இல்லாமல் இங்கே யாரையும் மாட்டுவதில்லை. ஊரில் யாருக்காவது தெரியும்" என்றார்.

"ஊருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு வரேன்" என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். வாசல் வரைக்கும் மார்லீன் கூட வந்தாள். "அவசரமில்ல மாமா. அவங்க எடுக்கிற வரைக்கும் அடிங்க" என்றாள். எவ்வளவு வெகுளியான பெண், பாருங்கள். ஒன்றுமே தெரியாது.

அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். போனில் யாரும் இல்லை. அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது.

தம்பி, ஓர் உதவி. ஏதாவது ஒரு பெயர் சொல்லுங்களேன். உங்கள் பக்கத்துப் பெயராக இருந்தாலும் பரவாயில்லை. வேலைக்காரி மாதிரி... என்ன? ராசம்மாவா? நல்ல பெயர். உங்களுக்குத் தெரிந்தவரா? உங்கள் அம்மாவா!

மன்னித்துக்கொள்ளுங்கள். அது வேண்டாம். தப்பாகச் சொல்லவில்லை. நான் கேட்டதும் உங்கள் அம்மா பெயரைக் கொடுத்துவிட்டீர்கள். என்னால் அதை அந்த முகத்துக்குக் கீழே வைக்க முடியாது. அந்தச் சிரிப்புக்கு வேறு பெயர் ஒட்டாது.

என்ன கேட்கிறீர்கள்? என் அம்மா பெயரா? வாயால் சொல்லிப் பழக்கமில்லை தம்பி. அம்மா என்றுதான்... அதுவும் நாலு பேர் இருக்கிற இடத்தில் அப்படியும் கூப்பிட்டதில்லை.

இருங்கள், இருங்கள். ஒன்று தோன்றுகிறது. தமிழில் எழுதிவிட்டால் என்ன? கெர்ரிட்டுக்கு நம் எழுத்து வெறும் கோலம். பத்திரிகையில் அவர் இங்கிலீஷ் பக்கத்தைத்தானே படிக்கிறார். அட்டையில் சரியான பெயர் இருக்கும். யாராவது வாயால் கேட்டால் வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். அம்மாவுக்கும் குறை இல்லை, எனக்கும் குறை இல்லை. எப்படி என் யோசனை? என்ன, சிரிக்க மாட்டேன் என்கிறீர்கள்?

கொஞ்சம் இந்தப் போனைப் பிடியுங்கள்.

எழுதிவிட்டேன். பின்னால் அந்த 'அம்மாள்' சேர்க்கவில்லை. இங்கே யாருக்குக் காட்ட வேண்டும் கனத்தை? வெறும் பெயர்தான். என் எழுத்து நன்றாக இருக்கும் தம்பி. வங்கியில் சொல்வார்கள். அம்மாதான் என்னை மணலில் உட்கார வைத்து, "எழுதுடா, எழுதுடா" என்பார். நான் எழுதியது சரியா தப்பா என்று அவருக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஜன்னலில் ஆளைக் காணோமே.

வருகிறாள். மார்லீன்தான். மாறனும் கெர்ரிட்டும் வாசற்படியில் நிற்கிறார்கள். போனைக் கொடுங்கள், காதில் வைத்துக்கொள்கிறேன். இல்லை, வேண்டாம், எழுதி முடித்தாயிற்றே. ஐயோ. தம்பி. தம்பி, இவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமே! காலையில் ஏர்போர்ட்டில் விரலை வைத்து... பத்து மாதமாக இந்தப் பெயரைத்தானே படித்துக்கொண்டிருக்கிறாள்! தூக்கக் கலக்கத்தில் மறந்தே போய்விட்டேன். வேறு அட்டை இல்லை. என்னிடம் வேறு அட்டை இல்லை தம்பி.

வாம்மா, வா. இவர் நம்ம ஆளு, யாழ்ப்பாணம். சும்மா பேசிக்கிட்டிருந்தோம். ஆமாம்மா, எழுதிட்டேன். நானே உள்ள கொண்டாந்து... சரி. சரிம்மா. இந்தா.

விரலை வைத்துப் படிக்கிறாள், பாருங்கள்.

கா... த்... தா... யி.

சரியாத்தாம்மா படிச்சே. காத்தாயி. அதுதான் பேரு.

என்னம்மா? போனா? கிடைச்சுது. உடனே கிடைச்சுது.

யாரு எடுத்தாங்களா?

எங்கம்மாதாம்மா எடுத்தாங்க.